அத்தானின் 71: ஒரு ரத்தப் புரதத்தின் கதை

போன மாதம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருந்தான். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஜீன்களைப் பார்த்துச் சொல்கிறார்களாம். பக்கம் பக்கமாக இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் அவனே சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதியிருந்தான்: "மாமா, சி.இ.டி.பி.ன்னு ஒண்ணு போட்டிருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க. அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்குமோ?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் 1978ல் சேர்ந்து 2012 வரை 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் லேப் டெக்னீசியனாக இருந்தவன். ரத்தம், சிறுநீர், சளி, இவைதான் என் உலகம். பணியில் இருந்தபோது இந்த சி.இ.டி.பி.யை ஒரு நாள்கூட நான் அளந்ததில்லை. சாதாரண லேப்களில் இன்றைக்கும் யாரும் அளப்பதில்லை. ஓய்வு பெற்று கீழப்பாவூருக்கு வந்த பிறகுதான், குளத்துக்கரையில் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்து, பழைய பாக்கியைத் தீர்ப்பதுபோல இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் சட்டைப் பையில் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டோடுதானே அலைகிறோம்.

அத்தான் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற லைன் மீட்டர் கேஜாக இருந்த காலம். ஒல்லியான ஆள். காலையில் பழைய சோறு, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. கறி எடுப்பது மாசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். நாளைக்கு ஒரு கட்டு பீடி. டியூட்டி முடிந்து சாயந்திரம் கொஞ்சம் 'தண்ணி'. ஊரில் யாரும் அவரைக் குடிகாரர் என்று சொன்னதில்லை. ஆனால் அது இல்லாத நாளும் கிடையாது.

1994 ஜனவரியில் அவருக்கு நெஞ்சுப் பக்கம் ஒரு பிடிப்பு. வாயுவாக இருக்கும் என்றார். அக்கா சொன்னதால் நானே ரத்தம் எடுத்து நானே பார்த்தேன். எங்கள் லேபுக்கு எச்.டி.எல். பார்க்கும் கிட் அப்போது புதிதாக வந்திருந்தது. சீரத்தில் பாஸ்போடங்ஸ்டேட்டும் மக்னீசியமும் கலந்த திரவத்தை விட்டால் எல்.டி.எல்., வி.எல்.டி.எல். இரண்டும் வெள்ளையாகத் திரிந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் அடியில் போய்ப் படியும். மேலே தெளிவாக நிற்பதில் இருக்கிற கொலஸ்ட்ரால்தான் எச்.டி.எல்., அதாவது 'நல்ல கொழுப்பு'. அத்தானுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 212. டிரைகிளிசரைடு 190. எச்.டி.எல். 71. ஃப்ரீட்வால்ட் கணக்குப்படி டிரைகிளிசரைடை 5ஆல் வகுத்து, அதையும் எச்.டி.எல்.லையும் மொத்தத்திலிருந்து கழித்தால் எல்.டி.எல். 103.

71 என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் அபூர்வமான எண். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு 35, 38 என்றுதான் இருக்கும். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப எனக்கு நெஞ்சுவலில்லாம் வராதுங்கியா மாப்ளே?"

"இந்த நம்பருக்கு வராது அத்தான்."

"பாத்தியாடே, நம்ம மருந்து வேலை செய்யுது" என்று சிரித்தார். எந்த மருந்தைச் சொல்கிறார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டரிடம் அவர் போகவில்லை. மச்சினன்தான் சொல்லிவிட்டானே. 1996 ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம், நைட் டியூட்டி முடிந்து வந்து திண்ணையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 53.

நம்ம பக்கத்து ரயில்வேக்காரர்களின் நெஞ்சுவலிக்கு மருத்துவ வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு. எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற ரயில்வே மருத்துவர், இந்தியா முழுவதும் பதினொன்றரை லட்சம் ரயில்வே ஊழியர்களின் மரணக் கணக்கை எடுத்துப் பார்த்து, 1967ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பஞ்சாப்காரர்கள் நெய்யும் பாலுமாகச் சாப்பிடுகிறவர்கள். தெற்கே இருப்பவர்களைவிட 8 முதல் 19 மடங்கு வரை கொழுப்பு அதிகம் சாப்பிட்டார்கள். ஆனால் மாரடைப்பு தெற்கத்தி ஊழியர்களிடம்தான் 7 மடங்கு அதிகம். அதுவும் இளம் வயதில். மல்ஹோத்ரா எண்ணெயின் வகை, சாப்பிடும் முறை என்று காரணம் தேடினார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. ஆனால் அவர் எடுத்த கணக்கு எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: கொழுப்பே அதிகம் சாப்பிடாதவனுக்கு ஏன் ரத்தக்குழாய் அடைக்கிறது?

இதற்கு முழுப் பதிலை ஒரு புரதம் தந்துவிடாது. ஆனால் பதிலின் ஒரு துண்டு இந்த சி.இ.டி.பி.யில் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொழுப்பு ரத்தத்தில் தனியாகப் போக முடியாது, புரதம் சுற்றிய சிறு உருண்டைகளாகத்தான் போகும். 1929ல் பாரிஸில் மாஷ்பஃப் என்பவர் குதிரையின் சீரத்திலிருந்து இப்படி ஓர் உருண்டையை முதலில் பிரித்தெடுத்தார். இந்த உருண்டைகளைப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு வந்து போகும் லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வி.எல்.டி.எல். லாரியில் முக்கியச் சரக்கு டிரைகிளிசரைடு. எல்.டி.எல்., எச்.டி.எல். லாரிகளில் கொலஸ்ட்ரால் எஸ்டர். இந்த எஸ்டர் என்பது கொலஸ்ட்ராலோடு ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்து லாரியின் உள்ளே அடைபடுகிற வடிவம்.

லாரியில் ஏற்றிய சரக்கு போய்ச் சேரும்வரை அதே லாரியில்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1965ல் கலிஃபோர்னியாவில் நிக்கோல்ஸ், ஸ்மித் என்ற இருவர் மனித சீரத்தை உடல் சூட்டில் வைத்திருந்து பார்த்தபோது சரக்கு இடம் மாறுவது தெரிந்தது. எச்.டி.எல்.லிலிருந்து எஸ்டர் வி.எல்.டி.எல்.லுக்குப் போகிறது, அங்கிருந்து டிரைகிளிசரைடு இந்தப் பக்கம் வருகிறது. பண்டமாற்று. ஆனால் மாற்றுவது யார்?

அதைக் கண்டவர் டொனால்ட் சில்வர்ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1975ல் அவரும் அவருடன் இருந்தவர்களும் முயலின் பிளாஸ்மாவை எடுத்தார்கள். (பிளாஸ்மா என்றால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சேர்த்துச் சுற்றி, செல்களை அடியில் தள்ளிய பிறகு மேலே நிற்கும் மஞ்சள் நீர்.) அதிலிருந்து லாரிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த, கொழுப்பே இல்லாத திரவத்தை வேறு உருண்டைகளோடு கலந்தபோது, எஸ்டர் மாறும் வேகம் கூடியது. அப்படியானால் அந்தத் திரவத்துக்குள் ஒரு சுமைதூக்கி இருக்கிறான். அவன்தான் சி.இ.டி.பி. தமிழில் சொன்னால், கொலஸ்ட்ரால் எஸ்டரை இடம் மாற்றும் புரதம்.

அவர் முயலை எடுத்தது நல்லதாயிற்று. எலியை எடுத்திருந்தால் எதையும் கண்டிருக்க மாட்டார். 1978ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிலிப் பார்ட்டரும் லாலி என்பவரும் மனித ரத்தத்தையும் எலி ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மனிதனிடம் இந்த வேலை நடக்கிறது, எலியிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1982ல் பார்ட்டரின் குழு 16 வகை உயிரினங்களை அளந்தது. முயலுக்கு மிக அதிகம். மனிதனுக்கு இடைப்பட்ட அளவு. எலி, பன்றி, நாய்க்கு மிகக் குறைவு.

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1913ல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயலுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து அதன் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். மற்றவர்கள் எலிக்கும் நாய்க்கும் கொடுத்துப் பார்த்தபோது அப்படி எளிதில் படியவில்லை. முயல் புல் தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனுக்கு என்ன சொல்ல முடியும் என்று அவர் கண்டுபிடிப்பைப் பல வருஷம் ஒதுக்கி வைத்தார்கள். வித்தியாசத்துக்கு இந்தச் சுமைதூக்கி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுமைதூக்கி அதிகமுள்ள பிராணிக்குக் குழாய் அடைக்கிறது, இல்லாத பிராணிக்கு அடைப்பதில்லை என்று ஒரு கணக்குப் பொருந்தி வந்தது. அப்படியானால் மனிதனிடமும் இவனைக் கட்டிப்போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும்தானே?

அதற்கு முன் அளக்க வேண்டும். அளவு என்று வந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புரதம் ரத்தத்தில் இருப்பதே ரொம்பக் கொஞ்சம். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் அல்புமின் 40 கிராம் இருக்கும். சி.இ.டி.பி. சுமார் 2 மில்லிகிராம். ஒரு மூட்டை அரிசியில் சில மணிகளைத் தேடுவது மாதிரி. அதனால் முதலில் புரதத்தை அளக்கவில்லை, அது செய்கிற வேலையைத்தான் அளந்தார்கள். எச்.டி.எல்.லில் இருக்கும் எஸ்டருக்குக் கதிரியக்க அடையாளம் போடுவார்கள். அதோடு அடையாளமில்லாத எல்.டி.எல்., பிறகு நோயாளியின் பிளாஸ்மாவில் சில மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் சில மணி நேரம். பிறகு எல்.டி.எல்.லைத் திரிய வைத்து, சுற்றி, அடையாளச் சரக்கு எவ்வளவு அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கவுண்ட்டரில் எண்ணுவார்கள். திரிய வைக்கும் ரசாயனம் வேறாக இருக்கலாம், ஆனால் நான் அத்தானின் ரத்தத்தில் செய்த அதே கைவேலைதான். 1993ல் கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் சாயம் வந்தது. அந்தச் சாயம் ஒரே உருண்டைக்குள் நெருக்கி அடைபட்டிருந்தால் ஒளிராது, பிரிந்து வேறு உருண்டைக்குப் போனால்தான் ஒளிரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு வேலை. திரிய வைக்கவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். என்ன அழகான யோசனை!

புரதத்தையே எடை பார்க்கும் முறையும் வந்தது. கனடாவில் இவ் மார்செல் குழு, இந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை உண்டாக்கியது. அதை வைத்து 1990ல் மனித பிளாஸ்மாவில் அளவெடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல். மார்க்கெட்டில் இன்றைக்கு எத்தனை லோடுமேன்கள் வந்திருக்கிறார்கள் என்று தலையை எண்ணுவது ஒரு கணக்கு. ஒவ்வொருவனும் எவ்வளவு தூக்குவான் என்று நாம் மூட்டை கொடுத்துச் சோதிப்பது இரண்டாவது கணக்கு. இன்றைக்கு உண்மையில் எத்தனை மூட்டை மாறியது என்பது மூன்றாவது கணக்கு. பொங்கலுக்கு முந்தின நாள் அதே லோடுமேன்கள்தான் இருப்பார்கள், ஆனால் வந்து நிற்கும் லாரிகள் அதிகம். அதனால் மாறும் மூட்டையும் அதிகம். ரத்தத்திலும் அப்படித்தான். டிரைகிளிசரைடு லாரிகள் நிறைய நின்றால், புரதம் கூடாமலேயே பண்டமாற்று கூடிவிடும். எச்.டி.எல். தன் எஸ்டரைக் கொடுத்துவிட்டு டிரைகிளிசரைடை வாங்கி வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எச்.டி.எல்.லை உடல் சீக்கிரம் சிதைத்துக் கழித்துவிடும். எல்.டி.எல்.லும் இதே வழியில் சிறுத்து, இறுகி, குழாய்ச் சுவருக்குள் நுழையத் தோதாகிவிடும்.

நம் ஊர்க் கதை இதுதான். 2014ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வில் தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் 2,042 பேரைப் பார்த்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் 13.9 சதவீதம்தான். டிரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எச்.டி.எல். குறைவு 72.3 சதவீதம்! மூன்று வேளைச் சோறு, தொப்பை, சர்க்கரை இவற்றால் டிரைகிளிசரைடு ஏறுகிறது. அது ஏறினால் லோடுமேனுக்கு வேலை கூடுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. நெய் சாப்பிட்ட பஞ்சாபியைவிடச் சோறு சாப்பிட்ட நம் ஆள் ஏன் முந்திப் போனான் என்பதற்கு ஒரு பக்கத்துப் பதிலாவது இதில் கிடைக்கிறது.

சரி, ஜப்பானுக்கு வருவோம். 1985ல் கனசாவா மருத்துவர்கள், எச்.டி.எல். மிக அதிகமாக இருந்த சிலருக்கு இந்தப் புரதத்தின் வேலை இல்லவே இல்லை என்று கண்டார்கள். நியூயார்க்கில் இருந்த ஆலன் டாலுடன் சேர்ந்து, அது பரம்பரையாக வருகிற ஜீன் கோளாறு என்று 1989லும் 1990லும் காட்டினார்கள். தாய், தந்தை இரு வழியிலும் அந்தக் கோளாறு வந்தவர்களுக்கு எச்.டி.எல். சராசரி 160க்கு மேல். அந்தக் குடும்பங்களில் ஆயுளும் நீளம் என்று தோன்றியது. மருந்துக் கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1977ல் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு எச்.டி.எல். அதிகமிருந்தால் மாரடைப்பு குறைவு என்று சொல்லியிருந்தது. எலிக்கு இந்தப் புரதம் இல்லை, நோயும் இல்லை. ஜப்பான் குடும்பத்திலும் இல்லை. கட்டிப்போடு இவனை!

ஆனால் அதே ஜப்பானிலிருந்து வேறு சேதியும் வந்தது. அகிடா மாகாணத்தில் ஓமகரி என்ற பகுதியில் இந்தக் கோளாறு நிறையப் பேருக்கு உண்டு. ஒசாகா பல்கலைக்கழகத்தார் அங்கே போய்ப் பார்த்து 1997ல் எழுதினார்கள்: 80 வயது தாண்டியவர்களிடம் இந்த ஜீன் கோளாறு கூடுதலாக இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. எச்.டி.எல். மிக அதிகமாக இருந்தவர்களிடமும் இதயக் கோளாறு இருந்தது. அதற்கு முந்தின வருஷமே ஹொனலூலுவில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை வைத்து வந்த ஆய்வும் இந்த எண்ணத்தில் ஓட்டை போட்டிருந்தது. கேட்பவர்கள் குறைவு.

ஒரு சின்ன வேடிக்கை. இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து ஒன்றை முயலுக்குக் கொடுத்து 2000ல் நேச்சர் இதழில் வெளியிட்டவர்கள் ஜப்பான் டொபாக்கோ. ஆமாம், சிகரெட் கம்பெனிதான், அவர்களின் மருந்துப் பிரிவு. பீடி சுற்றும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்து நான் தனியாகச் சிரித்தேன்.

பெரிய சோதனையை நடத்தியது ஃபைசர். மருந்தின் பெயர் டார்செட்ராபிப். 15,067 பேர். எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல். 25 சதவீதம் இறங்கியது. தாளில் பார்த்தால் இதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது. 2006 டிசம்பர் 2ஆம் தேதி சோதனையை அப்படியே நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள், சாப்பிடாத குழுவில் 51 பேர். முழுக் கணக்கு வந்தபோது 93, 59. மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியிருந்தது. அந்த முடிவை 2007ல் வெளியிட்ட கட்டுரையில் முதல் பெயர் பிலிப் பார்ட்டர். 1978ல் எலி ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் ஒப்பிட்ட அதே பார்ட்டர். முப்பது வருஷம் ஒரு புரதத்தின் பின்னால் நடந்து, அந்தக் கணக்கைத் தன் பெயரிலேயே எழுத வேண்டி வந்த மனிதர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

அந்த மருந்துக்கு மட்டும் ஏதோ விஷக்குணம் என்று சொல்லி மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஜப்பான் டொபாக்கோவின் மருந்தை ரோஷ் எடுத்து நடத்தியது. 2012ல் பலனில்லை என்று நின்றது. எவாசெட்ராபிப் என்று இன்னொன்று. எச்.டி.எல்.லை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியது, மாரடைப்பைக் குறைக்கவில்லை, 2015ல் நின்றது. மெர்க்கின் அனாசெட்ராபிப் 30,449 பேரிடம் 2017ல் ஒரு சிறு வெற்றி பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் 11.8 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதம் ஆனார்கள். அதுவும் கெட்ட கொழுப்பு குறைந்ததால் வந்த பலன்தான், நல்ல கொழுப்பு ஏறியதால் இல்லை என்று முடிவு செய்தார்கள். கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை.

இந்த மருந்துகளில் சில புரதத்தை எச்.டி.எல்.லோடு ஒட்டவைத்துவிடும். லோடுமேனை லாரியிலேயே கட்டிப்போட்ட மாதிரி. தலையை எண்ணினால் ஆள் கூடியிருக்கிறான் என்று வரும், மாறிய மூட்டையை எண்ணினால் குறைந்திருக்கும். ஒரே ரத்தம், இரண்டு அளவு, இரண்டு எதிரெதிர்ப் பதில். இரண்டுமே சரியாக எடுத்த அளவுகள்தான். லேபில் வேலை பார்த்தவனுக்கு இது வயிற்றைக் கலக்குகிற சமாச்சாரம். சால்யூஷன் சரி, ஸ்டாண்டர்டு சரி, ரீடிங் சரி. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

இனி அத்தானுக்கு வருகிறேன். ஃபின்லாந்தில் ஊலு என்ற ஊரில் அதிகம் குடிப்பவர்களை அளந்து 1992ல் எழுதியிருக்கிறார்கள். மது இந்தப் புரதத்தைக் குறைக்கிறது. அதனால் எச்.டி.எல். ஏறுகிறது. குடியை நிறுத்தினால் புரதம் பழையபடி ஏறும், எச்.டி.எல். இறங்கும். டிரைகிளிசரைடு 190 இருந்த ஒரு பீடிக்காரருக்கு எச்.டி.எல். 71 எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. அவர் சொன்னது ஒரு வகையில் நிஜம். அவர் 'மருந்து' வேலை செய்துதான் இருந்தது. டார்செட்ராபிப் வேலை செய்த மாதிரி.

1994ல் இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்கே முழுதாகத் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சுப் பிடிப்பு என்று வந்தவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது 1994லும் தெரிந்த விஷயம்தான். ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருக்கலாம். பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. "வராது அத்தான்" என்று சொல்வது என் வேலை இல்லை.

மருமகனை ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டேன். ஜீன் ரிப்போர்ட்டில் இருப்பது உன் ரத்தத்தில் இன்றைக்கு நடக்கும் வேலை இல்லை, அது சமையல் குறிப்பு மாதிரி, சோறு வெந்ததா இல்லையா என்று அதில் தெரியாது என்றேன். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை இருந்தால் அனுப்பு என்றேன். அனுப்பினான். மொத்தம் 198, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 280. மூன்று மாதச் சர்க்கரை 6.3. வயது 46.

"எச்.டி.எல். கம்மியா இருக்கே மாமா. அத ஏத்த மாத்திரை இருக்கா?"

"அந்த நம்பர விடு. முதல்ல டாக்டர்ட்ட போ. டிரைகிளிசரைடு, சர்க்கரை, பிரஷர், எல்.டி.எல். எல்லாத்தயும் அவரு பாக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பாவுக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சா?" என்றான்.

இல்லை, அப்பாவுக்கு நேர் எதிர் என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். 71ஐயும், நான் சொன்ன வார்த்தையையும். அவனுக்கு அப்போது 16 வயது, இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. கோபப்படுவான் என்று நினைத்தேன். "அந்த ரிப்போர்ட் இருக்கா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. என் பழைய டைரிகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. 1994 டைரியில் கார்பன் காப்பியை மடித்து வைத்திருந்தேன். ஓரம் கறையான் அரித்திருக்கிறது, எண்கள் தெரிகின்றன. எச்.டி.எல். 71க்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் "மிக நல்லது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற சுவாதிக்கு நரசிம்மர் கோயிலுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.